சர்வரும் சிக்னலும்

2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் தரத் தொடங்கிய பின், மைசூர் ஸ்டேஷன் வரிசையில் நிற்கும் வேலை நமக்குக் குறைந்தது. "அந்தப் பக்கம் கவுன்ட்டரில் யார் சார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வெப் சர்வர்தான், கேட்ட பக்கத்தை எடுத்துத் தரும் மென்பொருள்.

1995-ல் வந்த அபாச்சி, அந்நாளில் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தது. 2004-ல் வெளியான என்ஜின்எக்ஸ் சில குமாஸ்தாக்களைக் கொண்டே ஆயிரக்கணக்கானோரைச் சமாளிக்கும். மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். இன்னொன்று. எது உசத்தி என்பது வீண் வாதம், பராமரிப்பைப் பாருங்கள்.

2001 ஜூனில் ஐ.ஐ.எஸ்.-ல் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளிவந்தது. பலர் அதைப் போடவில்லை. ஜூலை 19-ல் 'கோட் ரெட்' என்ற புழு, 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் புகுந்துவிட்டது! ரயில்வேயில் பாயின்ட் பூட்டாமல் சிக்னல் இறங்காது. சர்வரில் அந்தப் பூட்டை மனிதன்தான் போட வேண்டும்.

பொதுமக்களுக்கு 80, 443 ஆகிய இரண்டு வாயில்கள் போதும், மற்றவற்றை மூடிவிடலாம். பதிவேட்டைத் தினமும் புரட்டுங்கள். நகல் வேறிடத்தில் இருக்கட்டும்.

நம் சங்கத் தளத்தில் உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ளன. அதன் பாஸ்வேர்டு ஐந்து பேரிடம் இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். இந்த வாரமே மாற்றும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.