கடைசி இரண்டு மில்லிகிராம்

அன்புத் தம்பி,

பீடோங் பக்கத் தோட்டத்துப் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தாய். பதினெட்டு வருடமாக இரவில் டயாசிபாம் 10 மில்லிகிராம், குளியலறையில் இரண்டு முறை விழுந்துவிட்டார், உடனே நிறுத்திவிடலாமா என்று கேட்கிறாய்.

வேண்டாம். உன் வயதில் நான் ஒருவருக்கு இரண்டே வாரத்தில் நிறுத்தினேன். வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார், அப்புறம் என்னிடம் வரவே இல்லை. வராதது சரிதான்.

வயதானவர் உடம்பை விட்டு டயாசிபாம் லேசில் போகாது. இன்றைய மாத்திரையோடு நேற்றையதும் முந்தாநாளையதும் சேர்ந்து நிற்கும். அவர் தடுமாறி விழுவது அதனால்தான். மெல்லக் குறைக்க அதுவே வசதியும் கூட. அதே வகையைச் சேர்ந்த, ஆனால் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகிற அல்பிரசோலம் விழுங்குகிறவர்களில் சிலருக்கு அடுத்த வேளைக்குள்ளேயே கை நடுங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அவர்களில் பலரை முதலில் டயாசிபாமுக்கு மாற்றிக்கொள்கிறோம். நியூகாசலில் 1982 முதல் 12 வருடம் இதற்கென்றே கிளினிக் நடத்திய ஹெதர் ஆஷ்டன் கையாண்ட வழி அது.

2025இல் வந்த அமெரிக்க வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைக்கச் சொல்கிறது. கணக்கை எப்போதும் மீதியிருக்கும் அளவில் போடு. பத்திலிருந்து ஒன்பதுக்கு வந்தால் பத்தில் ஒரு பங்குதான் போகிறது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தால் பாதியே போய்விடுகிறது! மாத்திரையைப் பாதியாக உடைக்கும் பழக்கத்தில் நாம் இதை மறந்துவிடுகிறோம். பலர் கவிழ்வது இந்தக் கடைசிப் படியில்தான். அங்கே கால், அரைக்கால் என்று இறங்க வேண்டியிருக்கும். பார்மசிக்காரரிடம் இப்போதே பேசி வை.

பாட்டிக்கு இதை விளக்க மூளைப் படம் வரையாதே. அவர் பால்மரம் சீவியவர். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்று உனக்கே பாடம் எடுப்பார். தினமும் கொஞ்சமாகச் சீவுகிற கைக்கு நம் வேலை புரியும்.

குறைத்த சில நாளில் வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை வரலாம். "பார்த்தீங்களா டாக்டர், மாத்திரை இல்லாம முடியல" என்பார் மகள். நீயும் பழைய வியாதி திரும்பிவிட்டது என்று பயப்படுவாய். பழைய பதற்றம் பழைய முகத்தோடுதான் வரும். முன்பு இல்லாதபடி விளக்கு வெளிச்சம் கூசினால், கதவு சாத்தும் சத்தம் உடம்பில் அடித்தால், அது பெரும்பாலும் மருந்து இறங்குகிற வேலை. அளவைக் கூட்ட அவசரப்படாதே; அதே படியில் சில வாரம் நில்.

இன்னொன்று, கேட்கக் கூச்சப்படுவாய்: வீட்டில் யார் சம்சு குடிக்கிறார்கள், பாட்டி ராத்திரியில் கொஞ்சம் எடுப்பாரா? தனியாக வைத்துக் கேள். இந்த மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

முதலில் எதற்காக இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள் என்றும் விசாரி. ஆயுசு முழுக்கத் தோட்டத்துப் பெரட்டுக்காக, அதாவது காலை ஆள்கணக்குக்காக, விடியுமுன் எழுந்தவருக்கு நாலு மணிக்கு விழிப்பு வந்தால் அது நோயா? என்னைக் கேட்டால் வெறும் பழக்கம். எழுந்து தேத்தண்ணி போட்டுக் குடிக்கட்டும்.

முதல் குறைப்பைத் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தொடங்காதே. வீடு நிறைய ஆட்கள், கூட்டம், மேளச்சத்தம். கழிந்த பிறகு ஆரம்பி. இரண்டு மில்லிகிராமுக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்