வீரர் அப்துல் ஹமீது

உத்தரப் பிரதேச மாநிலத்தில், காஜிப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் தாமூப்பூர். அவ்வூரில் 1933-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று, எளிய தையற்காரர் ஒருவரின் மகனாக அப்துல் ஹமீது பிறந்தார். செல்வமோ உயர்கல்வியோ அவருக்கு வாய்க்கவில்லை. தந்தையாருக்குத் துணையாகத் துணி தைத்துவந்த அவர், 1954-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியத் தரைப்படையிற் சேர்ந்தார். 1962-ஆம் ஆண்டில் சீனப் படை நம் எல்லையைக் கடந்தபோது, வடகிழக்கு மலைப்பகுதியில் நின்று போரிட்டார். பின்னர் ஹவில்தார் என்னும் நிலைக்கு உயர்ந்தார்.

1965-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. பஞ்சாப் எல்லையிலுள்ள கேம்கரண் என்னும் ஊரைக் கைப்பற்றிய பாகிஸ்தான் படை, பேட்டன் டாங்கிகளுடன் மேலும் முன்னேற முயன்றது. அவ்விரும்பு ஊர்திகள் ஒவ்வொன்றும் 40 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையவை. ஹமீதிடம் இருந்ததோ, கவசமற்ற ஜீப் ஒன்றில் பொருத்தப்பட்ட பின்னுதைப்பில்லாப் பீரங்கி. அதன் குண்டு டாங்கியைத் துளைக்க வல்லது. ஆயினும், சுடுந்தோறும் பீரங்கியின் பின்புறத்தே தீப்பிழம்பும் புழுதியும் எழுந்து, சுடுவோர் இருக்குமிடத்தைப் பகைவர்க்குக் காட்டிவிடும். ஆதலின், சுட்டவுடன் இடம் பெயர்தல் வேண்டும். இன்றேல் உயிர் தப்புதல் அரிது.

செப்டம்பர் 10-ஆம் நாள் காலை 8 மணியளவில், சீமா என்னும் ஊருக்கு முன்னே டாங்கிகள் அணிவகுத்து வந்தன. குண்டுகள் மழையெனப் பொழிந்தன. ஹமீது தம் ஜீப்பைப் பக்கவாட்டில் செலுத்தி, முன்வந்த டாங்கியைத் தகர்த்தார். உடனே இடம் மாறி, மற்றொன்றை எரியச் செய்தார். இப்பொழுது பகைவர் அவரைக் கண்டுகொண்டனர். அனைத்துத் துப்பாக்கிகளும் அவரை நோக்கித் திரும்பின. இனிச் சுடுவது உயிருக்கு இறுதி என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் பின்வாங்காது மீண்டும் சுட்டார். அந்நிலையில் வெடிகுண்டு ஒன்று தாக்க, அவர் வீரமரணம் எய்தினார். அப்போது அவருக்கு வயது 32.

அவர்தம் ஆற்றலைப் போற்றி இந்திய அரசு பரம வீர சக்கரம் வழங்கியது. 1966-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்று, குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணனிடமிருந்து அவர் மனைவியார் அவ்விருதைப் பெற்றுக்கொண்டார்.

அப்போர் அசல் உத்தர் என்னும் ஊரின் பெயரால் வழங்குகிறது. ‘உண்மையான விடை’ என்பது அதன் பொருள். நாட்டைக் காப்பவர் யார் என்னும் வினாவுக்கு, ஊசி பிடித்துப் பழகிய ஓர் ஏழைத் தொழிலாளியின் கை அங்கே விடை கூறிற்று. வீரம், குடியையும் செல்வத்தையும் பொறுத்ததன்று. ஏற்ற கடமையை இறுதிவரை கைவிடாமையே வீரமாகும்.