ஒற்றைப் பிளம்ஸ் மரம் ஏன் காய்ப்பதில்லை?

கேள்வி: எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிளம்ஸ் மரம் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கிளை தெரியாத அளவுக்குப் பூத்தும் காய் பிடிப்பதில்லை. பக்கத்தில் ஒற்றையாக நிற்கும் பீச் மரமோ நன்றாகக் காய்க்கிறது. பிளம்ஸ் ஆண் மரமாக இருக்கும், வெட்டிவிடுங்கள் என்கிறார்கள். உரம் போதவில்லையா?
– வாசகி, குன்னூர்

பதில்: தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். ஆண் மரம், பெண் மரம் என்ற கணக்கு பப்பாளிக்கும் பனைக்கும் பொருந்தும், பிளம்ஸுக்குப் பொருந்தாது. ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தால் மகரந்தத் தாள்களும் நடுவே சூலகமும் சேர்ந்தே இருப்பது தெரியும். மரம் முழுக்கப் பூப்பதால் உரக்குறை என்றும் சொல்ல முடியாது. குளிரும் கிடைத்திருக்கிறது, குளிர் போதாத மரம் மொட்டுகளை உதிர்க்கும், அல்லது ஒரு கிளை முன்னும் மறு கிளை பின்னுமாக விட்டுவிட்டுப் பூக்கும். உங்கள் மரத்துக்கு இல்லாதது வேறு ரகத் துணை என்பதே என் கணிப்பு.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்வது பெரும்பாலும் ஜப்பானிய வகை பிளம்ஸ். அதன் பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. மகரந்தம் சூல்முடியில் விழுந்து முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது விடும் குழாய் சூலை எட்டுவதற்குள், சூல்தண்டில் சுரக்கும் ஒரு நொதி அந்த வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. பிளம்ஸின் உறவுகளான செர்ரியிலும் பாதாமிலும் இதே தடை உண்டு. கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளில் 'நான்பரேல்' ரகத்தோடு வேறு ரகங்களை வரிசை மாற்றி நடுவதும், பிப்ரவரியில் லாரிகளில் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்குவதும் இதனால்தான். செர்ரி தரும் சான்று இன்னும் வலுவானது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் செர்ரி மகரந்தத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி இந்தத் தடையை உடைத்தார்கள். அந்த வழியில் உருவான 'ஸ்டெல்லா' ரகம் 1968-இல் கனடாவில் வெளியாயிற்று. துணையே இல்லாமல் அது காய்க்கிறது. மண்ணையோ உரத்தையோ மாற்றி இதைச் சாதிக்கவில்லை, மரபில் இருந்த தடையை நீக்கித்தான் சாதித்தார்கள்.

அப்படியானால் பீச் மட்டும் எப்படிக் காய்க்கிறது என்று கேட்பீர்கள். பீச் தன் மகரந்தத்தை ஏற்கும் இனம். அதற்குத் துணை தேவையில்லை. இரண்டும் ப்ரூனஸ் என்ற ஒரே பேரினம் என்றாலும், பீச் மகரந்தத்தை நம்பிப் பிளம்ஸ் காய்க்காது. ஐரோப்பிய பிளம்ஸும் உதவாது. அதற்கு 48 குரோமோசோம்கள், ஜப்பானிய வகைக்கு 16. உங்கள் மரத்தின் ரகத்திலேயே இன்னொரு ஒட்டுக்கன்று நட்டாலும் பயனில்லை. ஒரு ரகத்தின் ஒட்டுக்கன்றுகள் எல்லாம் மரபளவில் ஒரே மரம்தான். லூதர் பர்பேங்க் 1906-இல் வெளியிட்ட 'சாண்டா ரோசா' போன்ற சில ரகங்கள் தனித்தே காய்ப்பது உண்மை. ஆனால் உங்கள் மரம் அந்த வகையாக இருந்தால் இத்தனை பூவுக்குக் கொஞ்சமாவது காய் பிடித்திருக்கும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. பூக்கும் நாட்களில் குளிரும் மூடுபனியுமாக இருந்து, தேனீயே வராமல் போயிருக்கலாமே? பீச் காய்த்தது என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. தேனீ இல்லாமலும் பீச் ஓரளவு காய்க்கும். சோதித்தே பார்த்துவிடலாம். அடுத்த முறை பூக்கும்போது இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுத்து மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள். மலர்ந்தவுடன் ஒன்றின் பூக்களில் அதே மரத்தின் மகரந்தத்தையும், மற்றதில் அக்கம்பக்கத்திலுள்ள வேறு ரகப் பிளம்ஸின் மகரந்தத்தையும் மெல்லிய தூரிகையால் தடவுங்கள். இரண்டாவது மட்டும் காய்த்தால் துணை இல்லாததே காரணம். இரண்டும் காய்த்தால் தேனீக் குறை. இரண்டுமே காய்க்காவிட்டால் பூவின் சூலகம் பனியில் கருகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

துணைதான் குறை என்று தெரிந்தால் புது மரத்துக்கு இடம் தேட வேண்டியதில்லை. இலையுதிர்ந்த பருவத்தில், அதே சமயத்தில் பூக்கும் வேறு ரகத்தின் குச்சியை உங்கள் மரக்கிளையிலேயே ஒட்டுக்கட்டலாம். அது பூக்கும் வரை, பூக்கும் பருவத்தில் அந்த ரகத்தின் பூங்கொத்துகளை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து மரத்தில் தொங்கவிடுங்கள், தேனீ பார்த்துக்கொள்ளும். ஒட்டிய கிளையில் மறக்காமல் ஒரு கம்பியைக் கட்டி அடையாளம் வையுங்கள். கவாத்துக்கு வருகிறவர் விவரம் தெரியாமல் முதலில் அதையே வெட்டிவிடக்கூடும்.