ஆளில்லாத படகு குழாய்த் தண்ணீரில் மூழ்காமல் காக்க ஏழு படிகள்

படகு மூழ்கியது என்றால் புயல் அடித்திருக்கும், பாறையில் மோதியிருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் துறையில் கட்டிப்போட்ட படகு, அலையே இல்லாத நாளில், குழாயில் வந்த நல்ல தண்ணீரால் மூழ்குவதும் உண்டு. கொச்சி போல்காட்டி, சிங்கப்பூர் சென்டோசா, லங்காவி போன்ற இடங்களில் உள்ள மரீனாக்களில் கேபின் வைத்த உல்லாசப் படகுகள் வாரக்கணக்கில் ஆளில்லாமல் நிற்கின்றன. அப்படிப் படகு வைத்திருப்பவர்களுக்கும், அவற்றைப் பராமரிக்கும் ஊழியர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதலில் ஒரு கணக்கு. படகின் சொந்தத் தொட்டியில் 300 லிட்டர் இருந்தால், எவ்வளவு கசிந்தாலும் 300 லிட்டரோடு நின்றுவிடும். கரைக் குழாயிலிருந்து ஹோஸ் மாட்டியிருந்தால் அந்த எல்லை இல்லை. உள்ளே ஒரு குழாய் கழன்று நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டினால் மணிக்கு 600 லிட்டர், ஒரு நாளுக்கு 14,400 லிட்டர். அதாவது 14 டன்னுக்கும் மேல். 35 அடிப் பாய்மரப் படகுகள் பலவற்றின் எடையே 5 முதல் 7 டன்தான். படகு கொஞ்சம் தாழ்ந்ததும், நீர்மட்டத்துக்கு மேலே இருந்த வடிகால் துளைகள் நீருக்குள் போகும். அதன்பின் கடலும் சேர்ந்து உள்ளே வரும்.

படி 1: கரைக் குழாயை மூடுங்கள், ஹோஸைக் கழற்றுங்கள்

படகை விட்டு இறங்கும்போதெல்லாம் துறை மேடையில் உள்ள குழாயை மூடி, ஹோஸையும் கழற்றிச் சுருட்டி வையுங்கள். மூடியதோடு விட்டால் பக்கத்துப் படகுக்காரர் தன் குழாய் என்று நினைத்துத் திறந்துவிடலாம். அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் பொருத்தியிருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். அது அழுத்தத்தைக் குறைக்கும், கசிவை நிறுத்தாது. படகில் தங்கியிருக்கும் நாட்களில்கூடத் தொட்டியை நிரப்பிவிட்டு, அந்தத் தண்ணீரையே பம்ப் மூலம் பயன்படுத்துவது நல்லது. கரைத் தண்ணீர் வேண்டும் என்பவர்கள், தோட்டத்துக்கு விற்கும் டைமர் வால்வைக் குழாயில் மாட்டலாம். வைத்த நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

படி 2: பம்பையும் ஹீட்டரையும் நிறுத்துங்கள்

குடிநீர் பம்பின் சுவிட்சை பேனலில் அணையுங்கள். குழாய் கசிந்தால் பம்ப் தொட்டி முழுவதையும் பில்ஜில் (படகின் அடித்தளக் குழிவில்) கொட்டும், பிறகு வெறுமனே ஓடி பேட்டரியையும் தீர்க்கும். வாட்டர் ஹீட்டரையும் அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் காயில் எரிந்துபோகும். கடைசியாக ஒரு குழாயைத் திறந்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, மறுபடி மூடுங்கள்.

படி 3: கசிவைத் தேடுங்கள்

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் நிற்க வேண்டும். யாரும் தண்ணீர் திறக்காமலே சிறிது நேரத்துக்கு ஒருமுறை ‘டர்ர்’ என்று ஓடி நின்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கரைத் தண்ணீரில் இருக்கும்போது இந்தச் சத்தம் வராது, கசிவு ஓசையின்றி நடக்கும். அதற்கு லைனில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். கரைக் குழாயை மூடிய பின் முள் இறங்கினால் கசிவு உண்டு.

இடத்தைப் பிடிக்க, ஒவ்வொரு ஜாயின்டின் அடியிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் தெரியும். பில்ஜில் தேங்கிய தண்ணீர் குழாயிலிருந்து வந்ததா, கடலிலிருந்து வந்ததா என்று அறிய, வீட்டில் குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரே போதும். குழாய்த் தண்ணீர் என்றால் பெரும்பாலும் சில நூறுக்குள் நிற்கும், கடல்நீர் கலந்திருந்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். சுத்தமான பாத்திரத்தில் எடுத்துப் பாருங்கள்.

படி 4: பலவீனமான இடங்களை மாற்றுங்கள்

சுடுதண்ணீர் போகும் பிளாஸ்டிக் ஹோஸ்தான் முதல் சந்தேகம். வெந்நீர்ச் சூட்டில் இளகி, நாளடைவில் நிப்பிளிலிருந்து நழுவும். ஹோஸ் கிளிப்பைப் பார்க்கும்போது பட்டையோடு நிறுத்தாமல் திருகையும் பாருங்கள். பட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தும் திருகு சாதா இரும்பாக இருந்தால் அது துருப்பிடித்து உடையும். கிளிப்பின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் துரு கையில் ஒட்டும்.

அடுத்து, படகின் பின்புறம் உள்ள கை ஷவர். அதன் மெல்லிய ஹோஸ் பெட்டிக்குள் வெடித்தால் வெளியே தெரியாது. இன்னொன்று பலர் அறியாதது: பம்புக்குள் உள்ள ஒருவழி வால்வு பழுதானால், கரைத் தண்ணீர் பம்ப் வழியாகத் திரும்பித் தொட்டியை நிரப்பி வழியவிடும். தொட்டியின் காற்றுக்குழாய் படகுக்குள்ளேயே முடிந்தால் அந்தத் தண்ணீர் நேராகப் பில்ஜுக்குப் போகும்.

படி 5: கடல் வால்வுகளை மூடுங்கள்

கழிவறை, சமையலறை சிங்க் ஆகியவற்றின் கடல் வால்வுகளை (படகின் உடலில் உள்ள துளைகளை அடைக்கும் வால்வுகளை) மூடிவிட்டுக் கிளம்புங்கள். மேல்தளத்தின் மழைநீர் வடிகால்களை மட்டும் மூடவே கூடாது. நம் பக்கத்து மழைக்கு, அடைபட்ட வடிகாலே படகை நிரப்பப் போதும். இலை, குப்பை இருந்தால் அகற்றுங்கள்.

படி 6: பில்ஜ் பம்பைச் சோதியுங்கள்

ஒரு வாளி தண்ணீரைப் பில்ஜில் ஊற்றுங்கள். ஃப்ளோட் சுவிட்ச் தானாக எழும்பி, பம்ப் ஓடி, தண்ணீர் வெளியே பாய்வதைக் கண்ணால் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் இது நடக்க வேண்டும். அதனால் பில்ஜ் பம்பின் வயர் ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரிக்குப் போயிருக்க வேண்டும். பில்ஜில் துணி, ஒயர் துண்டு, குப்பை எதுவும் கிடக்கக் கூடாது. ஒரு சின்ன துண்டு போதும், ஃப்ளோட்டைச் சிக்கவைக்க. ஃப்ளோட்டுக்கு மேலே இன்னொரு சுவிட்சை வைத்து, வெளியே கேட்கும்படி அலாரம் மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் பில்ஜ் பம்பை முழுக்க நம்பாதீர்கள். கரை மின்சாரத்தின் பிரேக்கர் விழுந்தால் சார்ஜர் நிற்கும். பிறகு பேட்டரி தீரும் வரைதான் பம்பின் ஆயுள். கரைக் குழாய்க்கு அப்படி ஒரு முடிவு கிடையாது.

படி 7: இன்னொரு கண் இருக்கட்டும்

குழாய், பம்ப், ஹீட்டர், கடல் வால்வு, பில்ஜ், பேட்டரி என்று கிளம்பும்போது பார்க்க வேண்டியவற்றை எழுதிக் கேபின் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை படகைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். படகு வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா, பில்ஜ் பம்ப் அடிக்கடி தண்ணீர் துப்புகிறதா என்று அவர் கரையில் நின்றே சொல்லிவிடலாம்.

நேரமில்லாத நாளில் மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் முதல் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கரைக் குழாயை மூட அரை நிமிடம் ஆகாது. மூழ்கிய படகை மேலே தூக்கி, இன்ஜினையும் வயரிங்கையும் மீட்பதற்கு ஆகும் செலவால் பல பழைய படகுகள் திரும்பவும் கடலுக்குப் போவதே இல்லை.