பரோட்டா கடையில் காதைப் பொத்தும் குழந்தை

மதுரையில் சாயங்காலம் ஆனால் தெருவுக்குத் தெரு கொத்து பரோட்டா சத்தம்தான். நமக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கோ அது மண்டையில் சம்மட்டி அடி! காதைப் பொத்திக்கொண்டு அலறுவது பிடிவாதம் அல்ல. சத்தம், வெளிச்சம், வாசனை எல்லாமே அவர்களுக்குக் கூடுதலாக உறைக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் இதையும் ஆட்டிச அடையாளங்களில் சேர்த்தது.

"எதுக்கு வம்பு?" என்று ஓட்டலை விடுபவர்கள் அடுத்து கல்யாண வீட்டையும் விடுகிறார்கள். கடைசியில் அம்மாவும் வீட்டோடு!

என்ன செய்யலாம்? கூட்டம் சேருமுன், மூன்றரை மணி வாக்கில் போங்கள். கல்லுக்குத் தள்ளி, சுவரோர மேஜையாகக் கேளுங்கள். சாம்பாரை இட்லி மேல் ஊற்றாமல் கிண்ணத்தில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். "ஒண்ணோட ஒண்ணு பட்டா தொடமாட்டான்" என்பது செல்லம் கொடுத்து வந்த பழக்கம் அல்ல. பழகிய தட்டு, டம்ளரை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். முதல் தடவை பத்து நிமிஷம், ஒரு தோசை, போதும்.

அழ ஆரம்பித்தால் அதட்டாதீர்கள், சமாதானப் பேச்சும் வேண்டாம். ஒருவர் குழந்தையோடு வெளியே போகட்டும், பில்லை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும்.