மூன்று உருவம், ஒரே பெயர்

கறிவேப்பிலைச் செடியில் கொழுத்த பச்சைப் புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழு. காவாந்தண்டலம் போன்ற ஊர்களில் கொல்லைதோறும் இதைக் காணலாம்.

இவ்வினத்தின் ஆண்கள் ஒரே மாதிரி: கறுப்புச் சிறகு, பின்சிறகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பெண்களோ மூன்று விதம். ஒருவகை ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரு வகைகளும், ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளரும் இரண்டு நச்சுப் பட்டாம்பூச்சிகளைப் போல வேடமிடும். பறவைகள் ஏமாந்து விலகிவிடும்.

அறிஞர்களும் ஏமாந்தனர். 1758இல் லின்னேயஸ் ஆணுக்குப் 'பாமோன்' என்றும், ஒருவகைப் பெண்ணுக்குப் 'பாலிட்டெஸ்' என்றும் பெயரிட்டார். 1775இல் கிராமர் இன்னொரு வகைப் பெண்ணை 'ரோமுலஸ்' என்றார். ஓர் இனம் மூன்றாகிவிட்டது!

ஒரே இனத்தின் பெண்கள் பல உருவம் கொள்ளலாம் என்று 1865இல் வாலஸ் விளக்கினார். இதற்கு உறுதியான சான்று எது? வளர்த்துப் பார்ப்பதே. 1910களில் இலங்கையில் ஃபிரையர் தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்தார். ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே வெவ்வேறு உருவப் பெண்கள் வெளிவந்தன. 'டபுள்செக்ஸ்' என்னும் ஒரே மரபணு இவ்வேடத்தை ஆள்கிறது என்று 2014இல் குண்டே முதலியோர் கண்டனர். இன்று எல்லாவற்றுக்கும் பெயர் பாப்பிலியோ பாலிட்டெஸ்.

ஆகவே, இனத்தைத் தீர்மானிப்பது தோற்றமன்று; பிறப்புறவே.

நீங்களும் சோதிக்கலாம். சிவப்புப் புள்ளியுள்ள பட்டாம்பூச்சியைக் கண்டால் உடலைக் கவனியுங்கள். உடலும் சிவப்பானால் நச்சுப் பூச்சி, கறுப்பானால் வேடதாரி!