மரபணு முதல் படிகம் வரை

கழிவுநீர் தேங்கும் வாய்க்கால்களில் கியூலெக்ஸ் கொசு முட்டையிட்டுப் பெருகும். யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. அந்நோயால் நெடுங்காலம் துன்புற்ற நகரங்களுள் புதுச்சேரியும் ஒன்று. அங்கு 1975ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. வேதிப் பூச்சிக்கொல்லிகளை எதிர்க்கும் ஆற்றலைக் கொசுக்கள் பெற்றுவந்த நிலையில், அம்மையம் பாக்டீரியங்களின் துணையை நாடியது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் பாக்டீரியம், 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்டது. அதன் ஓர் உள்வகையை மையம் கொசுப்புழுக் கொல்லியாக உருவாக்கியது. 'வி.சி.ஆர்.சி. பி-17' என்பது அதன் பெயர்.

இச்சிற்றுயிர் புழுவைக் கொல்வது எவ்வாறு? நச்சுப் புரதத்தை ஆக்கும் செய்தி, பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையத்தில் உள்ளது. உணவு குறைந்து, பாக்டீரியம் வித்தாக மாறத் தொடங்கும்போது அச்செய்தி வெளிப்படுகிறது. முதலில் மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது; இது படியெடுத்தல். பின்னர் ரைபோசோம் அத்தூதை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோக்கிறது, இது மொழிபெயர்த்தல். இவ்வாறு உருவான புரதங்கள் படிகமாகத் திரள்கின்றன. புழு உண்ட படிகம், அதன் காரத்தன்மையுள்ள குடலில் கரைகிறது. நொதிகள் அதனை வெட்டி நஞ்சாக்குகின்றன. குடற்செல்களில் துளைகள் விழ, புழு மடிகிறது. மனித இரைப்பையில் அத்தகைய காரச்சூழல் இல்லை.

செய்தி புரதத்தைச் சேர்ந்தபின் அங்கிருந்து மீளாது என்று பிரான்சிஸ் கிரிக் 1957இல் ஆற்றிய உரையில் கூறினார். இதுவே மையக் கோட்பாடு. சில வைரசுகளில் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. உருவாவது 1970இல் தெரியவந்தது. ஆயினும், புரதத்தின் அமினோ அமில வரிசை மீண்டும் டி.என்.ஏ.வாக எழுதப்படுவது எங்கும் காணப்படவில்லை.

இவ்வுண்மையின் பயனை வாய்க்காலிலும் காணலாம். புழு உண்ட புரதம் அதன் மரபணுவில் எழுதப்படுவதில்லை. அவ்வாறே, புரதம் தன்னைத் தானே படியெடுத்துப் பெருகுவதுமில்லை. மாசு மிகுந்த நீரில் அது விரைந்து வலுவிழக்கும். மருந்தை மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும். கொசுவின் மரபணுவோ தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டுத் தொடர்கிறது. ஆதலால், மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் கழிவுநீர் தேங்காமல் காக்கும் கடமை நம்முடையதாகவே இருக்கிறது.